ஸ்ரீவிஜயம் பற்றி நான் எழுதிய பதினோரு பக்கம்

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் ஒன்பது வருடம் பிழை திருத்துபவளாக இருந்தேன். காலண்டர், டைரி, நோட்டு அட்டை, வெடிப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று எழுத்து உள்ள எதுவும் என் மேசையைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். அந்த ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு பிழையைத் தெரிந்தே விட்டேன். அதற்காக நான் வெட்கப்படுவேன் என்று அங்கே பலர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் இருக்கிறது, இன்றைக்கு வரைக்கும்.

என் அப்பாவும் அம்மாவும் ஆனைக்குட்டம் பக்கம் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அக்கா பதினேழு வயதிலிருந்து பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நான் மட்டும் மதுரைக்குப் பஸ்ஸில் போய் வந்து வரலாற்றில் எம்.ஏ. முடித்தேன். ஆய்வேடு எழுத என் வகுப்பில் எல்லோரும் கோயில், நாயக்கர், சோழர் என்று எடுத்தபோது நான் ஸ்ரீவிஜயத்தை எடுத்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. பாடத்தில் அந்த நாடு ஒரே ஒரு வரியாகத்தான் வந்தது. சோழர் படை கப்பலேறிப் போய் வென்ற நாடு என்று ஒரு வரி. அங்கே யார் இருந்தார்கள், என்ன கப்பலில் போனார்கள், எதை விற்றார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தோற்றவர்களுக்கு ஒரு வரிக்கு மேல் கிடையாதா என்ற எரிச்சலில்தான் எடுத்தேன். அந்த எரிச்சல் வீட்டிலிருந்தே வந்தது என்று இப்போது தெரிகிறது.

படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. தமிழ் பிழையில்லாமல் வரும் என்பதால் அச்சகத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

அச்சக முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். சத்தம் போடுவாரே தவிர கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஒருநாள் காலையில் என் மேசைக்கு வந்து நின்றார்.

“ஏம்மா, நீ ஹிஸ்டரி படிச்சவதான?”

“ஆமா அண்ணாச்சி.”

“விருதுநகர்ல நம்ம பருப்புக் கடைக்காரவுக ஒரு மலரு போடுறாக. எண்ணெய்க்குப் புதுசா பேக்கிங் கம்பெனி தொறக்காகல்ல, அதுக்கு. பழைய காலத்துக் கடல் வியாபாரத்தப் பத்தி கனமா ஒரு கட்டுரை வேணுமாம். சுமத்ராவுலருந்து ஒரு விருந்தாளி வேற வாராகளாம். நீ எழுதுதியா? உம் பேரு போட்டே வரும்.”

அவர் சொன்ன குடும்பத்தை விருதுநகரில் தெரியாதவர்கள் இல்லை. அப்பா காலத்தில் துவரை, உளுந்து, வத்தல் வியாபாரம். மகன் காலத்தில் பாமாயில். சுமத்ராவிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து டேங்கர் லாரியில் விருதுநகருக்கு வரும் எண்ணெய். அதை அனுப்பும் கம்பெனி பாலெம்பாங் என்ற ஊரில் இருப்பதாக அண்ணாச்சி சொன்னபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாலெம்பாங்தான் ஸ்ரீவிஜயத்தின் தலைநகராக இருந்த ஊர். பத்து வருடமாக ஒருவரும் என்னிடம் கேட்காததை இந்த மனிதர் வந்து கேட்கிறார், அதுவும் அந்த ஊரிலிருந்தே ஆள் வரும் விழாவுக்கு. “எழுதுறேன்” என்று உடனே சொல்லிவிட்டேன்.

மதிய இடைவேளைகளில், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு முழு லீவு நாளில் எழுதினேன். பழைய ஆய்வேட்டைத் தூசி தட்டி எடுத்து, அதிலிருந்த காய்ந்துபோன நடையை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, கடைக்காரர்களும் வாசிக்கிற மாதிரி எழுதினேன்.

விருதுநகரிலிருந்தே ஆரம்பித்தேன். ஒன்றும் விளையாத ஊர், ஆனால் விளைந்ததற்கெல்லாம் விலை சொல்கிற ஊர் என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். ஸ்ரீவிஜயமும் அப்படித்தான். மூசி ஆற்றங்கரையில் சேறும் சதுப்புமான இடம். நெல் விளைச்சலை நம்பி அவர்கள் நாடு நடத்தவில்லை. ஆனால் இந்தியாவிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் சீனத்துக்குப் போகிற எந்தக் கப்பலும் அவர்கள் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். காற்று திசை மாறும்வரை எங்காவது காத்திருந்துதான் ஆக வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தங்கள் துறைமுகத்தில் நடக்க வைத்தார்கள். அதுதான் அவர்களுடைய நிலம், அதுதான் விளைச்சல்.

துறைக்குள் வராமல் தாண்டிப் போகப் பார்த்த கப்பல்களை அவர்களுடைய படகுகள் சூழ்ந்துகொள்ளும் என்று சீனத்து எழுத்துகளில் இருக்கிறது. அந்தப் படகுகளில் இருந்தவர்கள் யார் என்று ஒரு பக்கம் எழுதினேன். கரையில் வீடில்லாமல் படகிலேயே பிறந்து படகிலேயே செத்த கடல் ஜனங்கள். நீரோட்டமும் பாறையும் ஒளிந்துகொள்ள முகத்துவாரமும் அவர்களுக்குத்தான் தெரியும். விட்டால் கொள்ளைக்காரர்கள். அரசன் அவர்களுக்குப் பங்கு கொடுத்து, அதே ஆட்களைக் காவல்காரர்களாக்கினான். ஸ்ரீவிஜயத்தின் கடற்படை என்று புத்தகங்கள் சொல்வது பெரும்பாலும் இவர்களைத்தான். அவர்களுடைய கப்பல்களில் இரும்பு ஆணி கிடையாது. மர முளையை அடித்து, பனை வகை மரத்தின் நாரால் பலகைகளை இழுத்துக் கட்டுவார்கள். அந்தக் கப்பல்களில் கற்பூரமும் சாம்பிராணியும் தகரமும் போயின. நம் பக்கத்துத் துணி அங்கே போனது.

அதன் பிறகு கல். இந்தக் கல்லைப் பற்றி எழுதும்போது எனக்கு மறுபடியும் இருபத்திரண்டு வயதாகிவிட்டது. பாலெம்பாங்கில் கிடைத்த சத்தியக் கல் அது. மேலே ஏழு தலை நாகம், கீழே எழுத்து, அதற்கும் கீழே ஒரு சிறு வாய். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினால் எழுத்துகளை நனைத்துக்கொண்டு வாய் வழியாக வடியும். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் சத்தியம் செய்ய வேண்டும். துரோகம் நினைத்தால் குடித்த தண்ணீரே கொன்றுவிடும் என்று சாபம். யார் யார் குடிக்க வேண்டும் என்ற பட்டியல் அதிலேயே இருக்கிறது. இளவரசர்கள், தளபதிகள், எழுத்தர்கள், சிற்பிகள், கப்பல் தலைவர்கள். வணிகர்களும் உண்டு, அதுவும் நம் வாயில் நுழைகிற ‘வணியாக’ என்ற சொல்லிலேயே. கடைசியில் அரசனுடைய வண்ணார்கள், அடிமைகள். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஓர் அரசாங்கம் தன் துணி துவைக்கிறவனையும் கல்லில் எழுதி வைத்திருக்கிறது. பயத்தினால்தான் எழுதினார்கள், மரியாதையினால் இல்லை. இருந்தாலும் எழுதினார்கள்.

சோழரைப் பற்றியும் எழுதினேன். ஸ்ரீவிஜயத்து மன்னர் நாகப்பட்டினத்தில் பௌத்தப் பள்ளி கட்டியதையும், சோழ மன்னர் அதற்கு ஓர் ஊரையே விட்டுக்கொடுத்ததையும், அடுத்த தலைமுறையில் அதே சோழர் படை கப்பலேறிப் போய் அந்த நாட்டைச் சூறையாடியதையும் எழுதினேன். அந்த அடிக்குப் பிறகும் அவர்கள் பல தலைமுறை வியாபாரம் செய்ததையும் எழுதினேன். பதினோரு பக்கம் வந்தது. அண்ணாச்சி வாசித்துவிட்டு, “நாகம் நல்லாருக்கு” என்றார். எனக்கு அது போதுமாயிருந்தது.

அடுத்த வாரம் பருப்புக்கடைக் குடும்பத்து மகன் அச்சகத்துக்கே வந்தார். முப்பது வயதிருக்கும். சென்னையில் படித்தவர். மரியாதையாகத்தான் பேசினார்.

“சூப்பரா எழுதிருக்கீங்க மேடம். ஆனா இதுல நம்மாளுக எங்க?”

“ஒம்பதாவது பக்கத்துல வாராக.”

“ஒம்பதாவது பக்கமா!” என்று சிரித்தார். “அதுவரைக்கும் யாரு வாசிப்பா? நாமதான அந்தக் கடலையே ஆண்டோம். அதுல ஆரம்பிக்கணும். அப்புறம் இந்த வண்ணாரு, அடிமை, படகுல குடியிருக்கவுக, இவுகள்லாம் எதுக்கு? பெரிய மனுசங்க வாசிக்கிற மலரு.”

“அந்தக் கல்லுல அப்படித்தான் இருக்கு.”

“கல்லுல இருக்கட்டும் மேடம். மலர்ல வேண்டாம்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்றாலும் முதலாளியின் வாடிக்கையாளர். “பாத்துச் செய்யுங்க” என்று மட்டும் சொன்னேன். அப்படிச் சொன்னதற்காக என்னை நானே பல நாள் திட்டிக்கொண்டேன். பார்த்துத்தான் செய்தார்.

பத்து நாள் கழித்து மலரின் கடைசிப் புரூஃப் என் மேசைக்கு வந்தது. விளம்பரம், வாழ்த்துச் செய்தி, குடும்பப் படம் எல்லாம் தாண்டி என் கட்டுரை. பதினோரு பக்கம் நான்கு பக்கமாகியிருந்தது. தலைப்பு ‘நாம் ஆண்ட கடல்’. தலைப்புக்குக் கீழே மகனுடைய கோட்டுப் போட்ட படம். படத்துக்குக் கீழே அவர் பெயர்.

முதலில் வேறு கட்டுரையோ என்று நினைத்தேன். இரண்டாவது பத்தியில் ‘காற்று திசை மாறும்வரை’ என்று என் வாக்கியம் என்னையே பார்த்தது. கல்லின் படத்தோடு நாகம் இருந்தது. தண்ணீர் இருந்தது. குடிக்க வேண்டியவர்களில் இளவரசரும் தளபதியும் வணிகரும் மட்டும் இருந்தார்கள். மற்றவர்களை வெட்டிவிட்டார்கள். கடல் ஜனங்களின் பக்கத்தையே காணோம். அந்த இடத்தில் அவர் கையால் எழுதிக் கொடுத்த இரண்டு பத்தி சேர்ந்திருந்தது. வீரம், பராக்கிரமம், புலிக்கொடி. அதற்கு நடுவில் ஒரு வரி: ‘இலங்கையில் இருந்த ஸ்ரீவிஜய நாட்டை நம் படை தரைமட்டமாக்கியது.’ இலங்கைக்குப் போன விஜயன் கதையை எங்கோ கேட்டிருப்பார் போல. சுமத்ராவைத் தூக்கி இலங்கையில் வைத்துவிட்டார். தினம் தினம் சுமத்ராவிலிருந்து எண்ணெய் இறக்குகிற மனிதர்.

புரூஃபை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி அறைக்குப் போனேன்.

“எம் பேரு போட்டு வரும்னு சொன்னீகளே அண்ணாச்சி.”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “சொன்னேன். கஸ்டமரு கேக்காக, நா என்ன செய்ய? நம்ம காலண்டர் சீசன்ல பாதி ஆர்டரு அவுக ஆளுகளுது.”

“எழுதுனது நான்.”

“அச்சடிக்கிறது நானு. எம் பேரு அட்டையிலயா இருக்கு? கடைசிப் பக்கத்துல எறும்பு மாதிரி கெடக்கு. அதுக்கு நா சண்டைக்கா போறேன்?”

“நீங்க அச்சடிச்சதுல வேற ஆளு பேரப் போட்டா சும்மா இருப்பீகளா?”

“ஏம்மா, போயி புரூஃப முடி. மத்தியானம் பிளேட்டுக்குப் போகணும்.” அவர் குரல் தாழ்ந்திருந்தது. அவருக்கும் கூச்சம்தான். கூச்சப்பட்டுக்கொண்டே செய்கிறவர்களை என்ன செய்வது என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

மேசைக்கு வந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். கை பழக்கத்தில் ஓடியது. விடுபட்ட ஒற்று போட்டேன். ‘பராக்கிரம’த்தில் விட்டுப்போன க் போட்டேன். அவர் எழுதிய மட்டமான வாக்கியங்களைக்கூட இலக்கணத்துக்குள் கொண்டுவந்தேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. திருடியவனுக்கு நகையைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கொடுக்கிறேனே என்று. ‘இலங்கையில்’ என்ற சொல்லுக்கு வந்தபோது பேனா அதன் மேல் நின்றது. ஒரு வட்டம், ஓரத்தில் ஒரு சொல், அவ்வளவுதான் வேலை. நான் போடவில்லை. பக்கத்தைத் திருப்பினேன். கடைசியில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் வீட்டில் அக்கா கம்பெனியிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். வெள்ளிப் பவுடர் நகக்கண்ணில் போகாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

“பேரு போச்சுன்னா இம்புட்டு அளுகையா?” என்றாள். “நாங்க செய்யுற வெடியில எங்க பேரா இருக்கு? டப்பா மேல எவளோ ஒரு நடிகை மாரி பொம்பள சிரிச்சுக்கிட்டு நிக்கா. அடைச்சவ நானு.”

“அப்ப யாரு பேருமே வேண்டாம்கியா?”

“வேணும்னுதான் சொல்லுதேன். கெடைக்காதுன்னும் சொல்லுதேன். ரெண்டும் தெரிஞ்சாத்தான் காலந்தள்ள முடியும்.”

எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். அவள் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

விழா விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பைண்டிங் அன்று காலையில்தான் முடிந்தது என்பதால் மலர்க் கட்டுகளோடு என்னையும் லோடு வண்டியில் அனுப்பினார் அண்ணாச்சி. வாசலில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கு ஒவ்வொரு மலராகக் கொடுக்க வேண்டும். என் கட்டுரையை என் கையாலேயே, வேறொருவர் பெயரோடு, நூறு பேருக்கு மேல் சிரித்த முகமாகக் கொடுத்தேன். வாங்கியவர்கள் குடும்பப் படத்தைத் தேடிப் புரட்டினார்கள்.

விருந்தாளி ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். தலையில் மெல்லிய துணி, பாத்திக் அச்சிட்ட நீளமான மேல்சட்டை. எண்ணெய் அனுப்பும் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர் என்றார்கள். மாலை, பொன்னாடை எல்லாம் ஆன பிறகு மகன் பேச எழுந்தார். விருந்தாளிக்காக ஆங்கிலத்தில் பேசினார். கட்டுரையின் சாரத்தையே பேசினார். எங்கள் முன்னோர்கள் கடலை ஆண்டார்கள், இலங்கையில் இருந்த ஸ்ரீவிஜயத்தை வென்றார்கள், இன்று வணிகத்தால் மறுபடி கடலை ஆளுகிறோம் என்றார். கைதட்டல் வந்தது.

அந்தப் பெண் கைதட்டவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சிரித்தபடிதான் பேசினார். ஸ்ரீவிஜயம் இலங்கையில் இல்லை, அது தன்னுடைய ஊர் என்றார். மூசி ஆறு தன் அலுவலகத்துக்குப் பின்னால் ஓடுகிறது என்றார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நாகத் தலைக் கல் ஒன்றைப் பற்றிச் சொல்லித் தருவார்கள், உங்கள் கட்டுரையில் அந்தப் படத்தைப் பார்த்தேன், அதில் தண்ணீர் குடித்தவர்கள் யார் யார் என்று சொல்ல முடியுமா என்று கேட்டார்.

மகன் மலரை எடுத்துப் புரட்டினார். அவர் அந்தப் பக்கத்தை வாசித்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். பிறகு, “இலங்கை என்பது அச்சகத்தில் நடந்த தவறு. பிழை பார்த்தவர்கள் கவனிக்கவில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதோடு நிற்கவில்லை. விழாவுக்கு வந்து மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த அண்ணாச்சியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அண்ணாச்சி திரும்பி வாசலில் நின்ற என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“ஏம்மா, வந்து அந்தக் கல்லப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லீட்டுப் போ. மானம் போவுது.”

யாருடைய மானம் என்று நான் கேட்கவில்லை. நடந்து போனேன். என் பெயரை எடுத்தார்கள், பக்கங்களை வெட்டினார்கள், வெட்டியதைப் பற்றிக் கேள்வி வந்ததும் பதில் சொல்ல என்னையே கூப்பிடுகிறார்கள். பிழையும் என்னுடையதாம். மேடையேறினேன்.

என் ஆங்கிலம் சரளமானதில்லை. இருந்தாலும் பட்டியல் எனக்கு மனப்பாடம். இளவரசர் முதல் ஒவ்வொருவராகச் சொன்னேன். வண்ணார்கள் என்று சொன்னேன். அடிமைகள் என்று சொன்னேன். படகுகளில் குடியிருந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, “இதெல்லாம் அவர் பேச்சில் வரவில்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

“கட்டுரையை எழுதியது நான். இதெல்லாம் அதில் இருந்தது. வெட்டிவிட்டார்கள்.”

இதை ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு மகன் பக்கம் திரும்பித் தமிழிலேயே சொன்னேன். “இலங்கைன்னு எழுதுனது பிரஸ்ஸு இல்ல. நீங்க கைப்பட எழுதிக் குடுத்த தாளு எங்க ஃபைல்ல இருக்கு. அது தப்புன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன்.”

மைக்கை யாரோ அணைத்துவிட்டார்கள். நாதஸ்வரக்காரர்களைப் பார்த்து ஒருவர் கையைக் காட்ட, நேரங்கெட்ட நேரத்தில் கெட்டிமேளம் முழங்கியது. அந்தப் பெண் என் அருகே வந்து, முழுக் கட்டுரையும் கிடைக்குமா என்று கேட்டார். கையில் இல்லை என்றேன். “எங்கள் ஊரிலும் அந்தக் கல்லைக் காட்டும்போது மன்னரைப் பற்றி மட்டும்தான் சொல்வார்கள்” என்றார். அதற்குள் அவரைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மகன் என்னைப் பார்க்கவே இல்லை. அவருடைய அப்பா, பெரியவர், என்னைக் கடந்து போகும்போது, “ஒரு நல்ல காரியத்துல இப்படி அபசகுனமா நின்னுட்டியே” என்றார்.

திரும்பி வந்து அச்சகத்தில் இறங்கிய பிறகு அண்ணாச்சி கேட்டார்.

“நெசமாவே பாத்துட்டா விட்ட?”

“ஆமா அண்ணாச்சி.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “அவன் ஒம் பேர எடுத்தது தப்பு. நா சம்மதிச்சதும் தப்பு. ஆனா பிழை இல்லாத பிரஸ்ஸுன்னு இருவது வருசமா பேரு வாங்கி வச்சிருந்தேன். அத நீ எடுத்துட்டியே.”

அவருக்குத் தன் பெயர் என்றால் வலிக்கிறது.

இதுவரை நடந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அடுத்து நடந்ததில்தான் உண்டு.

கொடுத்தது போக மீதி மலர்கள் வெளியூர்க் கடைகளுக்குப் போக வேண்டும். ‘இலங்கையில்’ என்ற சொல்லை மறைக்க ‘சுமத்ராவில்’ என்று விரல் நகம் அளவுக்கு ஒரு சீட்டு அச்சடித்து ஒவ்வொரு மலரிலும் ஒட்டச் சொல்லிவிட்டார்கள் விருதுநகர்க்காரர்கள். பைண்டிங்கில் நான்கு பெண்கள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி ஆள் போனது. வர முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. எனக்குச் செய்தி தெரிந்ததும் நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

பசைக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் உட்கார்ந்ததும் மூத்தவர் ஒருவர், கையை நிறுத்தாமலேயே சொன்னார்.

“நீ விட்டது ஒத்த வார்த்த தாயி. எங்களுக்கு ஒரு நாயித்துக்கெளம போச்சு. எம் மகளப் பாக்க ஆலங்குளம் போறதாருந்தேன்.”

அந்தப் பிழை மகனைத் தலைகுனிய வைக்கும் என்று நினைத்தேன், அண்ணாச்சிக்கு வலிக்கும் என்று நினைத்தேன். இவர்களை நினைக்கவே இல்லை. வண்ணாரை வெட்டியவரைத் திட்டிக்கொண்டிருந்தவளுக்கு, பக்கத்து அறையில் மடித்துத் தைக்கிறவர்கள் ஞாபகத்தில் வரவில்லை. “தப்புதான்க்கா” என்றேன். அவர் மலர்க் கட்டு ஒன்றை என் பக்கம் தள்ளினார். ஒட்டினோம்.

மத்தியானம் சோற்றுச் சட்டியைத் திறந்தபோது அவர்களில் இளையவள், இருபத்தைந்து வயதிருக்கும், திடீரென்று கேட்டாள். “இம்புட்டு ஒட்டுறோமே, ஒங்க பேரயும் ஒரு சீட்டு அடிச்சு அந்தாளு பேரு மேல ஒட்டிருவோமாக்கா? எவன் பாக்கப் போறான்?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் பக்கத்து அறையில் இருந்தது. அரை மணி நேர வேலை. ஆசை இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன், நிறையவே இருந்தது. ஆனால் நான் எப்படியும் வேலையை விட்டுப் போகப் போகிறவள். பிடிபட்டாலும் இவர்கள் நாலு பேரும் திங்கட்கிழமை இங்கேதான் வந்தாக வேண்டும். “வேண்டாம்” என்றேன். அவளுக்கு ஏமாற்றம்.

அந்த வாரக் கடைசியில் வேலையை விட்டேன். அண்ணாச்சி போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. இப்போது விருதுநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்ன இடம் பிடித்து டைப்பிங், ஜெராக்ஸ், பேனர் டிசைன் செய்கிறேன். பதினோரு பக்கத்தையும் என் பெயர் போட்டுச் சிறு புத்தகமாக்கி வைத்திருக்கிறேன். சந்தைக்குச் சீரகம் வாங்க வந்த ஒருவர், பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு வாத்தியார் என்று அபூர்வமாகச் சிலர் எடுத்துப் புரட்டுவார்கள். பைண்டிங்கில் இருந்த அந்த மூத்தவருக்கு ஒன்று கொடுத்தனுப்பினேன். படிக்கத் தெரியாது, மகள் வாசித்துக் காட்டினாள் என்று சொல்லியனுப்பினார். கேட்டுவிட்டு என்ன சொன்னார் என்று விசாரிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

போன மாதம் ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு பேர் பேனருக்காகக் கடைக்கு வந்தார்கள். சிறப்புரைக் கூட்டம். தாளைப் பிரித்தேன். தலைப்பு, ‘தமிழர் கடல் வணிகம்’. பேசுபவர் பெயருக்குக் கீழே, ‘கடல் வரலாற்று ஆய்வாளர்’. பெயர் பருப்புக்கடை மகனுடையது. அந்த நான்கு பக்கம் அவரை அங்கே கொண்டு சேர்த்திருந்தது.

“இத நான் செய்ய முடியாது” என்றேன்.

“ஏன் மேடம், மிஷின் ரிப்பேரா?”

“மிஷின் நல்லாத்தான் இருக்கு. இந்தாளு பேர நான் அடிக்க மாட்டேன்.”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காரணம் சொன்னேன். முழுக்கச் சொன்னேன், நின்றபடியே. ஒருவர் கேட்டார், மற்றவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டவர், “நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் மேடம். ஆனா கூட்டம் வெள்ளிக்கெளம. நாங்க என்ன செய்யுறது?” என்றார்.

தாளை மடித்துக் கொடுத்தேன். பக்கத்துக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மாலைக்குள் பேனர் அடித்து முடிந்துவிட்டது.